வயர் அறுந்தால் வண்டி நிற்க வேண்டும்: எலக்ட்ரிக் சைக்கிளுக்கு நான் செய்த த்ராட்டில்

சைக்கிளுக்கு ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மோட்டார்) போட ஆசைப்படும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது பேட்டரியைப் பற்றித்தான். எத்தனை ஆம்பியர் ஹவர், ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம், லித்தியமா லெட் ஆசிடா என்று. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஹேண்டில்பாரில் இருக்கும் த்ராட்டிலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கிட்டோடு ஒன்று வரும், மூன்று வயரைச் சொருகினால் சக்கரம் சுற்றும், அதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைக்கிறார்கள். இந்த மொத்த வேலையிலும் எனக்கு அதிக நேரம் பிடித்ததும் அதிகம் சொல்லிக்கொடுத்ததும் அந்த மூன்று வயர்தான். அதனால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

என் வண்டி சாதாரண ஸ்டீல் ஃபிரேம் சைக்கிள். பின் சக்கரத்தில் 250 வாட்டுக்குள் அடங்கும் கியர் ஹப் மோட்டார், 36 வோல்ட் லித்தியம் பேட்டரி, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பிரஷ்லெஸ் கன்ட்ரோலர். வீடு அல்சூர், வேலை கே.ஆர். புரம் பக்கம், பாதி தூரத்துக்கு மேல் ஓல்டு மெட்ராஸ் ரோடு. பெரிய மோட்டார் போடலாமே என்று பலர் சொன்னார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 படி, மோட்டார் முப்பது நிமிடம் தொடர்ந்து தரும் சக்தி 0.25 கிலோவாட்டுக்குக் கீழேயும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழேயும் இருந்து, அதை ஒரு சோதனை நிறுவனம் சரிபார்த்தும் கொடுத்தால்தான் அந்த வண்டி மோட்டார் வாகனக் கணக்கில் வராது. கடைசியில் சொன்ன அந்தச் சரிபார்ப்பைப் பலர் படிக்காமலே விட்டுவிடுகிறார்கள். வீட்டில் வண்டி செய்கிறவர்கள் சாமான் வாங்கும் முன்பே அதைப் படித்துவிடுவது நல்லது.

சரி, த்ராட்டிலுக்கு வருவோம்.

கட்டைவிரலால் அழுத்தும் த்ராட்டில் ஒன்றைத் திறந்து பாருங்கள். ஒரு ஸ்பிரிங், பிளாஸ்டிக் வளையத்தில் ஒட்டிய இரண்டு குட்டிக் காந்தம், அவற்றுக்கு நடுவே டிரான்சிஸ்டர் மாதிரி மூன்று கால் வைத்த ஒரு கருப்புச் சில்லு. அது ஹால் சென்சார், பெரும்பாலும் 49இ வகை. 1879இல் எட்வின் ஹால் கண்டுபிடித்த விளைவுதான் உள்ளே வேலை செய்கிறது: மின்சாரம் ஓடும் கடத்திக்குக் குறுக்கே காந்தப்புலம் வந்தால் பக்கவாட்டில் ஒரு சின்ன மின்னழுத்தம் உண்டாகும். விரல் நகர நகரக் காந்தம் நகரும், சிக்னல் ஏறும். சிவப்பில் 5 வோல்ட் போகிறது, கருப்பு கிரவுண்ட் (மின்சாரம் திரும்பும் பூஜ்ய வோல்ட் வயர்), பச்சை சிக்னல். என்னுடையதில் விரலை எடுத்தால் 0.85 வோல்ட், முழுக்க அழுத்தினால் 3.6 வோல்ட். இரண்டு பக்கமும் இப்படி இடைவெளி விட்டிருப்பதில் ஒரு காரணம் இருக்கிறது. சிக்னல் 0 வோல்ட்டிலோ 5 வோல்ட்டிலோ இருந்தால் எங்கோ கோளாறு என்று கண்டுபிடிக்க முடியும். அதைக் கண்டுபிடிக்க கன்ட்ரோலருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிட்டில் வந்ததை அப்படியே மாட்டி ஓட்டியபோது என்னைத் தொந்தரவு செய்தது புறப்படும்போது வரும் இழுப்பு. விரல் கொஞ்ச தூரம் நகரும்வரை ஒன்றும் நடக்காது, அப்புறம் திடீரென்று வண்டி முன்னால் பாயும். இந்த வகை கன்ட்ரோலர்களில் த்ராட்டில் நேரடியாக மோட்டாருக்குப் போகும் சராசரி மின்னழுத்தத்தைத்தான் கூட்டுகிறது. மோட்டார் சுற்றும்போது தானே உண்டாக்கிக் கரண்டைத் தடுக்கும் எதிர் மின்னழுத்தம் நின்ற சக்கரத்தில் இல்லாததால் கொஞ்சம் அழுத்தினாலே கரண்ட் வரம்பு வரை ஏறிவிடும். கியர் ஹப்புக்குள் இருக்கும் நைலான் பல்சக்கரங்களுக்கு அது அடி. பி.எம்.டி.சி. பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் அங்குலம் அங்குலமாக நகரும்போது ஓட்டுகிறவருக்கும் அது ஆபத்து. இழுப்பை மட்டும் சரிசெய்யலாம் என்றுதான் தொடங்கினேன்.

அல்சூர் மார்க்கெட் பக்கத்தில் எனக்குப் பழக்கமான சைக்கிள் கடை அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஆரணிப் பக்கத்திலிருந்து வந்து பல வருஷமாக அங்கேயே கடை வைத்திருக்கிறார். அவரிடம் டார்க் ஆர்ம் (மோட்டாரின் அச்சு சுழன்றுவிடாமல் பிடிக்கும் இரும்புத் துண்டு) மாட்ட வண்டியைக் கொண்டுபோனேன். ஹேண்டில்பாரிலிருந்து இறங்கும் மெல்லிய வயரைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பிரேக் கேபிள் அறுந்தா பிரேக் புடிக்காதுன்னு எனக்குத் தெரியும். இது அறுந்தா என்ன ஆகும்?" என்றார்.

"எந்த வயர்ண்ணே?"

"எதுவா இருந்தா என்ன? மூணு இருக்கே. ஒவ்வொண்ணா சொல்லு."

முப்பது வருஷம் கேபிள் மாற்றிய கை கேட்கும் கேள்வி அது. அதன் பிறகு இந்த வேலையின் போக்கே மாறியது.

வீட்டுக்கு வந்து பின் சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்தி, மல்டிமீட்டரை சிக்னலில் வைத்து, ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்தேன். சிவப்பை எடுத்தால் சென்சாருக்கு மின்சாரமே இல்லை, சிக்னல் பூஜ்யம், சக்கரம் நின்றது. பச்சையை எடுத்தால் கன்ட்ரோலருக்குள் இருக்கும் ரெசிஸ்டர் சிக்னலைக் கீழே இழுத்துவிடுகிறது, நின்றது. கருப்பை எடுத்தேன். சிக்னல் 4.4 வோல்ட்டுக்கு ஏறி, சக்கரம் முழு வேகத்தில் சுற்ற ஆரம்பித்தது. விரல் த்ராட்டிலைத் தொடவே இல்லை. கிரவுண்ட் போனதும் சென்சார் வழியாக 5 வோல்ட்டே சிக்னல் வயரில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நல்ல கன்ட்ரோலர்கள் சிக்னல் இப்படி மேலே போனால் கோளாறு என்று எடுத்துக்கொண்டு மோட்டாரை நிறுத்திவிடும். எல்லாமே அப்படி இல்லை. உங்களுடையது எந்த ரகம் என்று பெட்டி மேல் எழுதியிருக்காது, சக்கரத்தைத் தூக்கி வைத்துக் கருப்பு வயரைக் கழற்றினால்தான் தெரியும். இந்தப் பதிவில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றையாவது செய்யுங்கள்.

ஹால் சென்சாருக்குப் பதில் ஐந்து கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் போதுமே என்று சிலர் சொல்வார்கள். அதிலும் இதே கதைதான். கிரவுண்ட் கால் விட்டுப்போனால் நடுக்காலில் முழு 5 வோல்ட் வரும். போதாததற்கு உள்ளே இருக்கும் கார்பன் பாதை தேயும், தூசியும் ஈரமும் ஏறினால் சிக்னல் துள்ளும். பெஞ்சில் வைத்துச் சோதனை செய்ய அது போதும், ரோட்டுக்கு வேண்டாம்.

அப்புறம் த்ராட்டிலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் ஆர்டுயினோ நானோ என்ற, நாமே புரோகிராம் எழுதி ஏற்றக்கூடிய ஒரு குட்டிப் போர்டை வைத்தேன். அது த்ராட்டிலைப் படிக்கும், சரியா என்று பார்க்கும், மென்மையாக்கி கன்ட்ரோலருக்குக் கொடுக்கும். படிப்பது எளிது. நானோ 0 முதல் 5 வோல்ட்டை 0 முதல் 1023 எண்ணாக மாற்றித் தரும். என் த்ராட்டிலுக்கு ஓய்வு நிலை 174 பக்கம், முழு அழுத்தம் 737 பக்கம். 0.5 வோல்ட்டுக்குக் கீழே, அதாவது 102க்குக் குறைந்தாலும், 4.1 வோல்ட்டுக்கு மேலே, அதாவது 839ஐத் தாண்டினாலும் கோளாறு என்று வைத்தேன். கோளாறு வந்தால் வெளியீடு பூஜ்யம். வயர் திரும்ப ஒட்டிக்கொண்டாலும் உடனே ஓடாது. விரலை முழுக்க எடுத்து, சிக்னல் ஓய்வு நிலைக்கு வந்து, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றால்தான் மறுபடி அனுமதி. சாவி போட்டதும் இதே விதிதான்: த்ராட்டில் அழுத்தியபடி ஆன் செய்தால் வண்டி அசையாது.

சிக்னல் உள்ளே வரும் காலில் கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் வேண்டும், பச்சை வயர் அறுந்தால் அளவு கீழே விழுவதற்கு. அதன் மதிப்பைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிகச் சின்ன ரெசிஸ்டர் போட்டால், கருப்பு வயர் அறுந்த நேரத்தில் அந்த 4.4 வோல்ட்டை 3 வோல்ட், 3.5 வோல்ட் என்று இழுத்துவிடும். அது நல்ல சிக்னல் மாதிரியே தெரியும், கோளாறு பிடிபடாது. நான் 100 கிலோ ஓம் போட்டு, கருப்பு வயரைக் கழற்றி, அளவு 4.1க்கு மேலேயே நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

இழுப்பைச் சரிசெய்தது மிகச் சுலபமாக முடிந்தது. விரலின் நிலையை 0 முதல் 1 வரை எடுத்து அதன் வர்க்கத்தை வெளியே அனுப்பினால், பாதி அழுத்தத்துக்குக் கால்வாசிதான் போகும். மேலே ஏறும் வேகத்துக்கும் ஒரு வரம்பு, பூஜ்யத்திலிருந்து முழுசுக்குப் போக ஒன்றரை செகண்ட். கீழே இறங்குவதற்கு வரம்பே கிடையாது, விரல் எடுத்தால் அதே நொடி பூஜ்யம். ஏறும்போது இருக்கும் பொறுமை இறங்கும்போதும் இருந்தால் வண்டி விரலை எடுத்த பிறகும் இழுத்துக்கொண்டு போகும். வாங்கும் சில கன்ட்ரோலர்களில் 'சாஃப்ட் ஸ்டார்ட்' என்ற பெயரில் வருவதை இந்தக் கண்ணோடு ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

வெளியே அனுப்பும் பக்கம்தான் யோசிக்க வைத்தது. நானோவின் கால்கள் 0 அல்லது 5 வோல்ட்தான் தரும், நடுவில் வேண்டிய வோல்ட்டை நேரடியாகத் தரும் கால் இல்லை. எம்.சி.பி.4725 என்று ஒரு சில்லு கிடைக்கிறது, எண் கொடுத்தால் சுத்தமான வோல்ட் தரும். வாங்கி வைத்தும் நான் அதைப் போடவில்லை. அது கடைசியாகச் சொன்ன வோல்ட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும். நானோ உறைந்துபோனாலும், ரீசெட் ஆனாலும், புது எண் வரும்வரை பழைய வோல்ட்தான். முழு வேகத்தில் போகும்போது நானோ உறைந்தால் முழு வேகமே நிலைத்துவிடும். அதனால் 5 வோல்ட்டை வேகமாக ஆன், ஆஃப் செய்து சராசரியைக் கூட்டிக் குறைக்கும் பி.டபிள்யூ.எம். வழியைத் தேர்ந்தெடுத்தேன். நானோவுக்குள் இருக்கும் டைமர் 1இன் வேகத்தைக் கூட்டினால் ஒன்பதாவது காலில் 31 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு வரும். அதன் பின்னால் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்து வடிகட்டி போட்டால் துடிப்பு தட்டையாகி மில்லிவோல்ட் கணக்கில்தான் அலை மிஞ்சும். மாற்றாமல் விட்டால் வரும் 490 ஹெர்ட்ஸில் இதே வடிகட்டிக்குக் கால் வோல்ட் அலை இருக்கும், மோட்டார் முனகும்.

பி.டபிள்யூ.எம்.மிலும் ஒரு பொறி உண்டு. புரோகிராம் உறைந்தாலும் டைமர் தனியாகத் துடித்துக்கொண்டேதான் இருக்கும். அதற்கு வாட்ச்டாக் என்ற காவல் டைமர் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. புரோகிராம் 120 மில்லி செகண்டுக்குள் ஒருமுறை தட்டிக்கொடுக்காவிட்டால் சில்லு தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். ரீசெட் ஆனதும் எல்லாக் காலும் உள்ளீடாக மாறிவிடும், வெளியே எதுவும் தள்ளாது. வெளியீட்டில் கிரவுண்டுக்கு நான் போட்ட 4.7 கிலோ ஓம், கெப்பாசிட்டரை நூறு மில்லி செகண்டுக்குள் மோட்டார் நிற்கும் அளவுக்கு வடித்துவிடும். இது நிஜமாகவே நடக்கிறதா என்று பார்க்க, புரோகிராமில் வேண்டுமென்றே முடிவில்லாத ஒரு சுழலை எழுதி, ஒரு பட்டனைத் தட்டினால் அதில் போய் மாட்டிக்கொள்ளும்படி செய்து, சக்கரத்தைத் தூக்கி வைத்துச் சோதித்தேன். பழைய பூட்லோடர் (சில்லு எழுந்ததும் முதலில் ஓடும் சின்னப் புரோகிராம்) உள்ள நானோக்களில் வாட்ச்டாக் ரீசெட்டுக்குப் பிறகு சில்லு எழுந்திருக்காமல் ரீசெட்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மோட்டார் நிற்கும், ஆனால் பவரை எடுத்துப் போட்டால்தான் மறுபடி உயிர் வரும். ஆப்டிபூட் என்ற பூட்லோடரை ஏற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

நானோவுக்கு மின்சாரம் எங்கிருந்து? கன்ட்ரோலரின் த்ராட்டில் பிளக்கில் வரும் 5 வோல்ட் ஒரு சென்சாருக்குப் போதும் என்ற அளவில்தான் இருக்கும், அதன் மேல் நானோவையும் ஏற்ற எனக்கு மனமில்லை. எஸ்.பி. ரோட்டில் எந்தக் கடையில் கேட்டாலும், பேட்டரி வோல்ட்டைக் குறைத்துத் தரும் எல்.எம்.2596 போர்டை எடுத்துக் கொடுப்பார்கள். 36 வோல்ட் பேட்டரி என்று பெயரே தவிர, பத்து லித்தியம் செல் முழு சார்ஜில் 42 வோல்ட். சாதாரண எல்.எம்.2596 தாங்குவது 40 வரை. ராத்திரி சார்ஜ் போட்டுக் காலையில் சாவி திருப்பும் நேரத்தில்தான் அது போகும், போகும்போது 42 வோல்ட்டை நானோவுக்குள் விட்டாலும் விடலாம். 60 வோல்ட் தாங்கும் எச்.வி. வகையைக் கேட்டு வாங்குங்கள், போர்டின் இரண்டு கெப்பாசிட்டரில் உள்ளே வரும் பக்கத்தில் இருப்பது எத்தனை வோல்ட் என்று அதன் உடம்பில் படித்துவிடுங்கள். கடையில் நின்றே படிக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அந்தப் போர்டுக்கு மின்சாரத்தை கன்ட்ரோலரின் மெல்லிய சிவப்பு இக்னிஷன் வயரிலிருந்து எடுத்தேன், ஹேண்டில்பார் சுவிட்ச் அந்த வயரில்தான் இருக்கிறது. சுவிட்சை அணைத்தால் கன்ட்ரோலரும் நானோவும் சேர்ந்தே சாகும். கிரவுண்டை மட்டும் பேட்டரி நெகட்டிவிலிருந்து தனியாக இழுக்கவில்லை. தடித்த நெகட்டிவ் இணைப்பு ஒருநாள் தளர்ந்தால், மோட்டாரின் மொத்தக் கரண்டும் அந்த மெல்லிய வயர் வழியாகத் திரும்பப் பார்க்கும், வயர் உருகிவிடும். ஆக கிரவுண்ட் கன்ட்ரோலரின் கருப்பு வயரிலிருந்துதான். இங்கே அண்ணனின் கேள்வி மறுபடி வருகிறது: அந்தக் கருப்பு அறுந்தால்? நானோவின் கிரவுண்டே மிதக்கும், வெளியீட்டுக் கால் வழியாக கன்ட்ரோலருக்குள் மின்னழுத்தம் ஏறும், த்ராட்டிலில் பார்த்த அதே கோளாறு ஒரு படி தள்ளி. அதற்குப் புரோகிராமில் மருந்து இல்லை. கருப்பு வயரை மட்டும் இரண்டாக ஓட்டினேன், இரண்டு வேறு புள்ளிகளில் பத்தவைத்து. பெட்டியை கன்ட்ரோலரை ஒட்டியே வைத்ததால் வயர் நீளம் ஒரு சாண் கூட இல்லை, நடுவில் பிளக்கும் இல்லை.

பிரேக் லீவரில் இருக்கும் சுவிட்ச் நேராக கன்ட்ரோலரின் பிரேக் வயருக்குத்தான் போக வேண்டும். நானோ வழியாகக் கொண்டுபோனால் புரோகிராமில் இன்னும் அழகாகச் செய்யலாம் என்று தோன்றும், தோன்றட்டும். நானோ, சென்சார், நான் எழுதிய புரோகிராம் எல்லாம் ஒரே நேரத்தில் கைவிட்டாலும் பிரேக்கைப் பிடித்தால் மோட்டார் நிற்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

எல்லாம் முடித்துச் சக்கரத்தைத் தூக்கி ஓடவிட்டபோது எதிர்பாராத ஒன்றைப் பார்த்தேன். த்ராட்டிலை ஒரே நிலையில் சில செகண்ட் பிடித்துவிட்டு விரலை எடுத்தேன், சக்கரம் நிற்கவில்லை. மீட்டரில் சிக்னல் பூஜ்யம் காட்டுகிறது, சக்கரம் அதே வேகத்தில் ஓடுகிறது. பிரேக் லீவரை அழுத்தியதும்தான் நின்றது. கன்ட்ரோலரில் தானியங்கி குரூஸ் இருந்திருக்கிறது, த்ராட்டில் சிறிது நேரம் அசையாமல் நின்றால் விரல் எடுத்த பிறகும் அதே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும் வசதி அது. விரலால் நேரடியாக ஓட்டும்போது கை நடுக்கத்தில் சிக்னல் ஆடிக்கொண்டே இருக்கும், அதனால் அது வேலைக்கு வரவே இல்லை. நானோ கொடுக்கும் சிக்னல் அசையாமல் நின்றதும் அதற்குச் சாதகமாகிவிட்டது. குரூஸுக்கு ஒரு ஜோடி வயர் சேர்த்துச் சொருகியிருந்தது, பிரித்து ஸ்லீவ் போட்டுக் கட்டிவிட்டேன். நகரத்துக்குள் ஓட்டும் சைக்கிளுக்கு குரூஸ் எதற்கு?

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெங்களூரில் மே மாதத்திலும், செப்டம்பர் அக்டோபரிலும் சாயந்தரம் கொட்டினால் த்ராட்டில் பிளக்குக்குள் தண்ணீர் போகும். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் ஈரம் பாலம் போட்டால் சிக்னல் தானே ஏறும். மூன்று முள் பிளக்கில் கருப்பை நடுவில் வையுங்கள். ஈரம் வந்தாலும் பச்சை முதலில் கருப்போடு சேர்ந்து கீழேதான் இழுக்கும். பிளக்குக்குள் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ், வயர் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே தொங்கி மேலேறும் ஒரு வளைவு, பெட்டியின் துளை அடிப்பக்கம். மோட்டாரின் மூன்று தடித்த வயர்கள் ஃபிரேமின் ஒரு பக்கம் போனால் த்ராட்டில் வயர் மறுபக்கம் போகட்டும், இல்லாவிட்டால் இரைச்சல் சிக்னலில் ஏறும். நானோவின் உள்ளீட்டுக் காலில் ஒரு 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

முறுக்கும் த்ராட்டிலா கட்டைவிரல் த்ராட்டிலா என்று கேட்டால் கட்டைவிரல்தான். பைக் ஓட்டிப் பழகியவர்களுக்கு முறுக்குவதுதான் பிடிக்கும், தெரியும். ஆனால் சைக்கிளை நாம் தள்ளிக்கொண்டு போவோம், ஹேண்டிலைப் பிடித்துத் தூக்கிப் படி ஏற்றுவோம், கிரிப்பைப் பிடித்துத் திருப்புவோம். அப்போது சுவிட்ச் ஆனில் இருந்தால் முறுக்கு த்ராட்டில் தானே திரும்பும். காம்பவுண்டில் நிறுத்தினால் குழந்தைகள் முதலில் கை வைப்பதும் அதில்தான்.

முடித்த வண்டியை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரம் சுற்றும்போது அவரே மூன்று வயரையும் ஒவ்வொன்றாக உருவினார். மூன்று தடவையும் நின்றது. "சரி, இப்ப ஓட்டு" என்றார், பின் பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறது என்று அதையும் மாற்றிவிட்டார்.

இப்போது மாதம் ஒருமுறை செயின் எண்ணெய் போடும் அன்றே இந்தச் சோதனையையும் செய்கிறேன். சக்கரத்தைத் தூக்கு, சிவப்பு, கருப்பு, பச்சை கழற்று, பிரேக் லீவர் இரண்டையும் தனித்தனியாக அழுத்து. கூடவே மீட்டரில் ஓய்வு நிலை வோல்ட்டைப் பார்த்து பெட்டி மூடியின் உள்பக்கம் பென்சிலால் எழுதிவைக்கிறேன். 0.85இல் தொடங்கியது மெல்ல ஏறிக்கொண்டே போனால் ஸ்பிரிங் தளர்கிறது அல்லது காந்தம் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். 1 வோல்ட்டைத் தொட்டால் பழுது பார்க்க உட்கார வேண்டாம், த்ராட்டிலையே மாற்றிவிடுங்கள். மாற்றியதும் புதியதன் ஓய்வு நிலையையும் முழு அளவையும் அளந்து புரோகிராமில் போட மறக்காதீர்கள், ஒரே மாடலிலேயே இரண்டு த்ராட்டில் ஒரே மாதிரி அளவு காட்டுவதில்லை.